பிரேக் மாஸ்டரின் வலது கால்

ஊர் அடைபட்ட வருடத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மனைவி ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அதற்கடுத்த வருடமும் ஏழு மாதக் கர்ப்பமாகவே இருந்தாள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அது வளரவும் இல்லை, வாடவும் இல்லை. சிக்னலில் நிற்கிற வண்டியைப்போல இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. அவளுடைய வயிற்றின் இடது பக்கத்தில், விலாவுக்குச் சற்றுக் கீழே, உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குதிகால் உதைத்த இடம் சின்ன எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்து, அப்படியே நின்றுவிட்டிருந்தது. தொட்டால் சூடாக இருக்கும். அழுத்தினால் உள்ளே போகாது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, புருஷன் உட்பட. பள்ளிகள் திறந்த பிறகு, மேசை விளிம்பு அந்தக் குதிகாலில் இடிக்காமலிருக்க ஒரு கையை அங்கே பொத்தியபடியே கரும்பலகையில் எழுதிப் பழகிக்கொண்டாள். முதலில் பார்த்தவர்கள் பதறினார்கள். அப்புறம் தக்காளி விலை கேட்பதுபோல, "என்ன டீச்சர், இன்னும் அப்படியேதானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள்.

இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், அது மாஸ்டரின் வலது கால்.

மாஸ்டர் ஒற்றைக் காரை வைத்துப் பள்ளி நடத்தியவர். கற்றுக்கொடுக்கிற காரில், கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, கண்ணாடிகூட இன்னொருவர் முகத்துக்காகத் திருப்பி வைக்கப்பட்டது. பிரேக் மட்டும் உண்டு. அந்த ஒரே அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டார். யாரையும் திட்ட மாட்டார். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்பார். அவர் இருந்தார் என்பதைவிட அவருடைய கால் இருந்தது என்று சொல்வதுதான் சரி. கற்றுக்கொள்ள வருகிறவர்களின் பயம் முழுக்க அவர்கள் உள்ளங்கையிலிருந்து கிளம்பி, கியரைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்கு வந்து, மாஸ்டரின் தொடை வழியாக இறங்கி, பாதத்தின் வழியாகப் பெடலுக்குள் போய், சாலையில் கொட்டிவிடும். விடிந்தும் விடியாமல் முதல் ஆள், விளக்குப் போடும் நேரத்தில் கடைசி ஆள். வீடு திரும்பும்போது கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல வருவார். கால் மட்டும் வேலையை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். டீச்சர் வெங்காயத்தை வேகமாக நறுக்கினால், சமையலறை வாசலில் நிற்கிற மாஸ்டரின் பாதம் தரையை அழுத்தும். டிவியில் யாராவது வண்டியை விரட்டினால் அழுத்தும். அவர்கள் கல்யாண போட்டோவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் வலது ஷூ மட்டும் கம்பளத்துக்குள் புதைந்திருந்தது. "அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும்" என்பாள் டீச்சர்.

அடைப்பு வந்த முதல் வாரம் மாஸ்டர் சந்தோஷமாகத்தான் இருந்தார். காரைக் கழுவினார். சீட்டைக் கழற்றிக் கழுவினார். கழற்ற முடியாததையெல்லாம் கழற்றிக் கழுவினார். அப்புறம் கழுவ ஒன்றும் மிச்சமில்லை. சில நாள் வழக்கம்போல விடியலிலேயே எழுந்து, சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி, மாடி வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கும் போக வேண்டியதில்லை என்று நாற்காலிக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிய நாளாயிற்று. முதலில் பெல்ட் போனது. பிறகு சவரம். பிறகு காலை என்கிற வேளையே போய்விட்டது. பத்து மணிக்குக் கொட்டாவி, மத்தியானத்தில் தூக்கம், ஊர் உறங்கும்போது பசி. "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார், டீச்சர் சொன்னால், "இருக்காதே" என்று சண்டைக்கு வருவார். ஒரு கரண்டி கீழே விழுந்ததற்காக அரை நாள் பேசாமல் இருந்தார். வெளியே ஆம்புலன்ஸ் போனால், அது எந்தத் தெருவுக்குத் திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே தொடர்ந்துகொண்டு போவார். திரும்பி வர நேரமாகும். பயப்படுகிறவர்கள் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்றாலும் பயம் வந்துகொண்டுதான் இருந்தது, ஜன்னல் வழியாக, போன் வழியாக, கதவிடுக்கு வழியாக. வந்து, பழகிய பாதையிலேயே தொடையில் இறங்கியது. கீழே பெடல் இல்லை. தரைதான் இருந்தது.

முதலில் நின்றது பால். அடுப்பில் பொங்கி விளிம்பைத் தாண்டப் போனபோது மாஸ்டரின் கால் தன்னால் அழுத்தியது. நுரை பாத்திரத்துக்கு மேலே விரல் உயரத்துக்கு எழும்பி, வெள்ளைத் தொப்பிபோல நின்றது. கீழே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவர் காலை எடுத்தார். பால் வழிந்து அடுப்பு அணைந்தது.

"பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்னத்தப் பார்த்துட்டு இருந்தீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

நியாயமான கேள்வி. பதில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்பாள். டாக்டர்களைப் பார்க்கிற காலமா அது? அவர் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார். அடுத்து குழாயின் நுனியில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது. சுவிட்ச் போட்டபடி இருக்க, மின்விசிறி இறக்கைகளை விரித்துக்கொண்டு நின்றது. ஒருநாள் காற்றில் உப்பிய திரைச்சீலை உப்பியபடியே நின்றுவிட, அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பதுபோல உருவம் தெரிந்தது. மாஸ்டர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரியும். இருந்தால் என்ன செய்வது என்றும் யோசித்தார். படுக்கையறையில் டீச்சர் போன் வழியாகப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். கூடத்தில் இவர் கால் அழுத்தும். ஊரெல்லாம் உள்ள சின்னச் சின்னத் திரைகளில் டீச்சர் வாயைத் திறந்தபடி, சாக்பீஸைத் தூக்கியபடி நின்றுவிடுவாள். "டீச்சர் ஃப்ரீஸ் ஆயிட்டாங்க" என்று பிள்ளைகள் சந்தோஷமாக விளையாடப் போனார்கள். நெட் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வருடம் நெட்டின் தலையில் கட்டப்பட்ட பாவங்கள் அநேகம்.

மாஸ்டரிடம் கடைசியாகக் கற்றுக்கொண்டவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நேராக ஓட்டுவார்; நிறுத்தத்தான் வராது. இரண்டு கோட்டுக்கு நடுவே காரை விடச் சொன்னால், ஒன்று இந்தக் கோட்டை மிதிப்பார், இல்லை அந்தக் கோட்டை. மாஸ்டர் பொறுமையாக நாள் கணக்கில் அதையே சொல்லிக்கொடுத்தார். அடைப்பு தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும், காசாளரின் மகள் போன் செய்தாள். அப்பாவுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தானே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், நிறுத்திவிட்டு, நடந்து உள்ளே போயிருக்கிறார். வெளியே வரவில்லை. "காரை எடுக்கப் போனேன் மாஸ்டர். கோட்டுக்குள்ள அவ்வளவு அழகா நிறுத்தியிருந்தார். நீங்க சொல்லிக்குடுத்தது" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள். மாஸ்டர் போனை வைத்தார். அந்த நேரம் பார்த்து டீச்சர் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இங்க வாங்களேன், சீக்கிரம். என்னமா உதைக்குது பாருங்க. இன்னும் ரெண்டு மாசம், அப்புறம் ஆஸ்பத்திரியில…"

மாஸ்டரின் கால் இறங்கியது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் ஆளுக்கொரு மூலையில் சமாதானமாகிவிட்ட பிறகு வந்த குழந்தை அது. கால் இறங்கியது மட்டுமல்ல, இறங்கிய இடத்தில் ஊன்றிக்கொண்டது. டீச்சர், "அட, நின்னுருச்சு" என்றாள். அவள் கைக்கடியில் குதிகால் புடைத்தபடி இருந்தது. ஒருவருடைய கால் உள்ளிருந்து வெளியே அழுத்த, இன்னொருவருடைய கால் வெளியிலிருந்து தரையை அழுத்த, நடுவில் ஒரே பெடல் இருப்பதுபோல.

காலை எடுத்திருக்கலாம். எடுக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே இருக்கிற வரைக்கும் அதற்கு முகமூடி வேண்டாம், கை கழுவ வேண்டாம், இருமுகிற ஊரில் மூச்சுவிட வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள், வெளியே சரியாகட்டும் என்று நினைத்தார். சிவப்பு விழுந்தால் நிற்பதுதானே, பச்சை வந்ததும் எடுத்துவிடலாம். பச்சை எப்போது வந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தேதி சொல்வார்கள். மாஸ்டருக்கு அது வரவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலம் எப்படிப் போனது என்று கேட்டால், போகவில்லை என்பதுதான் பதில். மாஸ்டர் வலது பாதத்தைத் தரையிலிருந்து எடுப்பதில்லை. படுக்கைக்கோ குளியலறைக்கோ போக வேண்டுமென்றால் இடது காலை எடுத்து வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு போவார். நாளடைவில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து குளியலறைக்கும் தரையில் ஒரு பாதை முகம் தெரியுமளவுக்குப் பளபளத்தது. தூங்கும்போது பாதத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்துப் படுத்தார். படிக்கட்டில் காலை இழுக்க முடியாது. அதனால் இறங்குவதை விட்டுவிட்டார். கூடத்தில் எப்போதும் பிற்பகல் நாலு மணி வெளிச்சம், அடிவாங்கிய மஞ்சளில், சுவரில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே விடிந்து, வெயிலேறி, மழை பெய்து, இருட்டுவது வேறு யாருடைய வீட்டிலோ ஓடுகிற டிவி மாதிரி தெரிந்தது. தேநீரிலிருந்து எழும்பிய ஆவி கலையாமல் நிற்கும். அதைக் கையால் விலக்கிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். அவருக்குத் தாடி வளரவில்லை. பசி வரவில்லை. ஒரு ஈ, மேசைக்கும் கூரைக்கும் நடுவே, பறக்கிற மேனிக்கு நின்றிருந்தது. டீச்சர் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகினாள். அந்தக் கூடத்துக்குள் வந்து போனவர்கள், வெளியே இறங்கியதும் காரணமில்லாமல் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள்.

டீச்சர் மாதாமாதம் டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா அந்த வருடம் பார்க்கக்கூடாததையெல்லாம் பார்த்துவிட்டவர், எதற்கும் அசர மாட்டார். வயிற்றில் காதை வைத்தபடி வெகுநேரம் கேட்டார். ஒரு துடிப்பு கேட்டது. அப்புறம் நீண்ட அமைதி. கதவைத் தட்டிவிட்டு, தட்டியது தப்போ என்று இரண்டடி பின்வாங்கி நிற்கிறவர்போல. அப்புறம் இன்னொன்று.

"இருக்கு" என்றார் டாக்டரம்மா. "நல்லாத்தான் இருக்கு. அவசரப்படல, அவ்வளவுதான். வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

"வீட்டுக்காரர்தான் கொஞ்சம்… உக்காந்தே இருக்கார்."

"எல்லா வீட்லயும் ஒருத்தர் உக்காந்துதான் இருக்காங்க" என்று சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஊர் திறந்தது. கடைகள் திறந்தன, பள்ளி திறந்தது, முகமூடிகள் மூக்கிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து பாக்கெட்டுக்கும் இறங்கின. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆட்கள் கீழே வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு பள்ளிக்குப் போனார்கள். டீச்சர் காலையில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவாள், மாலையில் தூக்கிக்கொண்டு வருவாள். முதுகு வலித்தது, கால் வீங்கியது. ஏழு மாதச் சுமையை எந்தப் பெண்ணும் ஒரு மாதம்தான் சுமப்பாள்; இவள் வருடக்கணக்கில் சுமந்தாள். வெளியே அவளுக்கு வயது கூடிக்கொண்டிருந்தது, காதோரம் நரைத்தது. உள்ளே குழந்தைக்கு ஒரு நாளும் கூடவில்லை. இப்படியே போனால் குழந்தை வெளியே வரும்போது தூக்கிக்கொள்ளத் தனக்குத் தெம்பு இருக்குமா என்று ஒரு சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தாள். இடம் கொடுப்பவர்களும் குறைந்துவிட்டார்கள். இந்தம்மா எப்பவும் இப்படித்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்தவள், தரையைவிட்டு எழும்பாமல் இழுபடுகிற அவர் காலையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்; பிறகு முக்காலியில் ஏறி, சர்க்கரை டப்பாவை மேல் அலமாரியில் வைத்தாள். "எனக்கு எட்டாது, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றாள். மாஸ்டர் காலை இழுத்துக்கொண்டு வந்து கையை நீட்டினார், எட்டவில்லை. எக்கினார். வலது குதிகால் தரையைவிட்டு ஒரு நூல் எழும்பியது. டீச்சரின் வயிற்றில் இருந்த குதிகால் ஒரு நூல் உள்ளே போனது. மாஸ்டர் சட்டென்று காலை ஊன்றினார்; அது திரும்பப் புடைத்தது. கணக்கு டீச்சர், ஒருமுறை பார்த்ததை வைத்து முடிவுக்கு வர மாட்டாள். அடுத்த நாள் உப்பு டப்பா. அதற்கடுத்த நாள் எதையும் வைக்காமல், "அங்க பல்லி இருக்கா பாருங்க" என்றாள். மூன்றும் ஒத்துவந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"எது?"

"அந்தக் கால்."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது. பால் பொங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் வயிற்றுக் குதிகாலின் மேல் கையை வைத்தபடி கடைசிவரை கேட்டாள்.

"சரி. இப்ப எடுங்க" என்றாள்.

"முடியல, டீச்சர்."

"முடியலயா, மனசில்லயா?"

"அது தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எடுத்தா போயிடும்னு இருக்கு."

"எங்கங்க போகும்? வெளியதானே வரும்?"

"வெளிய வர்றதைத்தான் சொல்றேன்" என்றார் மாஸ்டர்.

அவள் அவருடைய முட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தூணைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனில் பேச வைத்தாள். அவர் நல்லவர். எழுந்திருக்க ஒரு நேரம், குளிக்க ஒரு நேரம், வெயிலில் நடக்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மற்றது மெல்ல வரும் என்றார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் ஒழுங்காக நேரம் வைத்தார். நேரமும் ஒழுங்காக வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனது. கால் இருந்த இடத்தில் இருந்தது. பிறகுதான் டீச்சர் அதைக் கேட்டாள்.

"எனக்குக் கார் கத்துக்குடுங்க."

டிரைவிங் மாஸ்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டிய பெண்டாட்டிக்குத் தாங்களே கற்றுக்கொடுக்க மாட்டார்கள். இவர் வீட்டு அம்மாவை அவரிடம் அனுப்புவார், அவர் வீட்டு அம்மா இவரிடம் வருவார். அடுத்தவர் பெண்டாட்டி கியரை மாற்றத் தவறினால், "பரவாயில்லை மேடம்" என்று வருகிற அதே வாயில், சொந்தப் பெண்டாட்டி தவறினால் கல்யாணத்தில் நடந்ததெல்லாம் வரும் என்பது அனுபவம். அந்த வழக்கத்தை மீறிய ஒரு மாஸ்டர், பாதி வழியில் மனைவி இறங்கிப்போய், அப்படியே அம்மா வீட்டில் இருந்துவிட்ட கதை தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் தலையை ஆட்டினார். "அதெல்லாம் சரிப்படாது" என்றார்.

டீச்சர் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. இன்ஜின் இருமி இருமி உயிர்பெற்றது. பிறகு, கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு கியரைப் போடும்போது எழுமே, இரும்பு பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தம், தெரு முழுக்கக் கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை, இன்னும் நீளமாக. ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு உறைந்துபோன மனிதர்தான். ஆனால் இது வேறு. இதைக் கேட்டுக்கொண்டு எந்த மாஸ்டராலும் உட்கார்ந்திருக்க முடியாது. "கிளட்ச்! முழுசா மிதி! முழுசா!" என்று கத்திக்கொண்டு அவர் படியில் இறங்கியபோது, வலது கால் இடது காலைப்போலவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதிப் படியில்தான் அவருக்கே அது தெரிந்தது. மேலே கூடத்தில், நின்றிருந்த ஈ, விட்ட இடத்திலிருந்து பறக்க ஆரம்பித்துச் சுவரில் மோதியது. கீழே காருக்குள் டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஐயோ" என்று ஒருமுறை சொன்னாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்தாள்.

"என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. உள்ள இருக்கறவர் காலை மாத்திப் போட்டுக்கிட்டார். இவ்வளவு நாள் ஒரே பக்கமா உக்காந்தா மரத்துப்போகாதா? ஏறுங்க."

அவர் தன் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பாதம் தேடாமலேயே பெடலைக் கண்டுபிடித்தது. தொடையில் அத்தனை நாள் தேங்கி நின்றது மெல்ல இறங்க ஆரம்பித்தது.

அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் தினமும் டீச்சருக்குப் பாடம். மாஸ்டரின் கால் காரில் இருக்கிற வரை அது காரை மட்டும்தான் நிறுத்தியது. குழந்தை அந்த நேரத்தில் வளர்ந்தது. வீடு திரும்பி நாற்காலியில் உட்கார்ந்ததும் கால் ஊன்றிக்கொள்ளும், குழந்தை நின்றுவிடும். இப்படித் தவணை முறையில் எட்டாம் மாதம் வந்தது. பாடத்துக்காக மாஸ்டர் எழுந்தார். எழுந்ததால் சவரம் செய்தார். சவரம் செய்ததால் நல்ல சட்டை தேடினார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது, அவ்வளவு இளைத்திருந்தார். டீச்சரோ கற்றுக்கொள்வதாகக் காணோம். நேற்று வந்தது இன்று வராது. மேடு கண்டால் இன்ஜினை அணைப்பாள், திருப்பத்தில் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவாள். "இன்னொரு தடவை பார்க்கலாங்க" என்று ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றுவாள். பாடம் நீண்டுகொண்டே போனது. விடுமுறை நாட்களில் மத்தியானம் வரை போனது. பாதி ஊருக்குக் கற்றுக்கொடுத்தவருக்கு, தெரியாமல் தவறுகிற கையும் தெரிந்து தவறுகிற கையும் எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரியும். "பரவாயில்ல மேடம்" என்பார். அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இருவரும் அதற்குமேல் பேசிக்கொள்ளவில்லை. தெருவில் நின்று பார்த்தவர்கள்தான், இந்தம்மா கணக்கு டீச்சராம், பாவம், என்று பேசிக்கொண்டார்கள்.

ஒன்பதாம் மாதமும் அப்படியே வந்து முடிந்தபோது, வலி பாடத்தின் நடுவில் வந்தது. பெரிய சாலைகள் நாலும் சேர்கிற வட்டத்தில் கார் திரும்பிக்கொண்டிருந்தது. டீச்சர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, "என்னங்க…" என்றாள். மாஸ்டரின் கால் பெடலை அடித்தளம் வரை மிதித்தது. கார் நின்றது. இந்த முறை காரோடு நிற்கவில்லை. மிதித்த வேகம் பெடலைத் தாண்டி எங்கெங்கோ போனது. வட்டத்தின் நடுவே நீரூற்று, பாதி உயரத்தில் கண்ணாடிச் செடிபோல நின்றது. மேலே புறாக்கள் நின்றன. பின்னால் வந்த வண்டிகளின் ஹாரன் ஒரே சுரத்தில் நீண்டு, மெலிந்து, இல்லாமல் போனது. அந்த அமைதியில் மாஸ்டர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அவளும் நின்றிருந்தாள். வலி உச்சிக்கு ஏறியிருந்த நொடியில். கழுத்து நரம்பு புடைத்து, வாய் திறந்து, சத்தம் வெளியே வராமல். கண் மட்டும் உயிரோடு இருந்தது, அது அவரைப் பார்த்தது. வலி நின்றுபோயிருந்தது, போயிருக்கவில்லை. நின்ற இடத்தில் அவளுக்குள் நின்று, அவளை இறக்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இதையா இத்தனை நாள் பத்திரம் என்று நினைத்தோம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்திருந்தார். ஒன்றும் ஆகாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் முகத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

கால் தன்னால் வரவில்லை. இரண்டு கைகளையும் முட்டிக்கடியில் கொடுத்து, அடுத்தவருடைய காலைத் தூக்குவதுபோலத் தூக்கினார். நீரூற்று விழுந்தது. ஹாரன்கள் பாய்ந்து வந்தன. டீச்சர் ஒரு பெரிய சத்தத்தோடு வலியின் மறுபக்கத்தில் இறங்கி மூச்சு வாங்கினாள். அடுத்தது வரும் என்று இருவருக்கும் தெரியும். மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

"எங்க போறீங்க?" என்று அவள் பதறினாள்.

"பின்னாடி."

"இப்பவா? எதுக்கு?"

"அங்க பெடல் இல்ல" என்று சொல்லி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சொந்தக் காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து சாலை சின்னதாகத் தெரிந்தது. மனைவியின் பின்னந்தலையும், காதோரத்து நரையும், கழுத்தில் வழிந்த வியர்வையும்தான் பெரிதாகத் தெரிந்தன. டீச்சர் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டாள், கியரைப் போட்டாள். சத்தமே இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல விழுந்தது. வட்டத்திலிருந்து வெளியேறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் நுழைந்து, வலி வரும்போது ஓரங்கட்டி, போனதும் எடுத்து, ஊரில் யாரும் அப்படி ஓட்டி அவர் பார்த்ததில்லை. அவருடைய கால் ரப்பர் விரிப்பை மிதித்து மிதித்துத் தேய்த்தது. ஒன்றும் நிற்கவில்லை. கை கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில்கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்டார், பேச்சுக் கொடுக்க.

"எப்பவோ. பேசாம வாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் காரை இரண்டு கோட்டையும் மிதித்தபடி குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள். மாஸ்டர் அதைப் பார்த்தார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். தள்ளுநாற்காலி வந்து அவளைக் கொண்டுபோனது. அவரை நடைவழியில் உட்காரச் சொன்னார்கள். எதிரில் ஒரு கதவு. அவருடைய கால் பலமுறை தரையை மிதித்தது, மிதித்ததை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ்கள் நடந்தார்கள், வண்டிகள் உருண்டன, யாரோ அழுதார்கள், யாரோ தேநீர் கேட்டார்கள், கடிகாரம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் அவர் காலுக்கு யாரும் கட்டுப்படவில்லை. அவமானமாக இருக்க வேண்டியது. ஏனோ தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தாற்போல இருந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டபோது, டாக்டரம்மா வெளியே எட்டிப் பார்த்து, "பொண்ணு. பாஷைதான் தெரியல, மத்தபடி எல்லாம் புரியுது அதுக்கு. முறைக்குது" என்றார்.

பிறந்த தேதி எழுதும் இடத்தில் அன்றைய தேதியை எழுதினார்கள். வேறென்ன எழுத முடியும்? குழந்தையின் தலைமுடி மட்டும் யார் காலுக்கும் நிற்காமல் வளர்ந்து தோள்வரை இருந்தது; அதைப் பற்றி நர்ஸ்கள் ஒரு நாள் பேசினார்கள், மறுநாள் இரண்டாகப் பிரித்துப் பின்னிவிட்டார்கள். பள்ளியில், வயிறு இறங்கிவிட்டதால், டீச்சரின் மேசையை ஓர் அடி அவள் பக்கமாக நகர்த்திப் போட்டார்கள். மாஸ்டரிடம் திரும்ப ஆட்கள் வந்தார்கள். விடிந்தும் விடியாமல் முதல் ஆள். சாயங்காலம் வீடு வரும்போது முன்புபோலக் காலியாக வந்தார், முழுக்க இல்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது, இருக்கும். மனசு டாக்டரும் அப்படித்தான் சொன்னார். வீட்டில் எப்போதாவது குழாயில் சொட்டு நின்றால், டீச்சர் உள்ளேயிருந்து, "என்னங்க, கால்" என்பாள், சொட்டு விழும்.

குழந்தை நடக்க ஆரம்பித்ததும் அவர்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்தார்கள். வாசலுக்கு மூன்று படி, அதற்குக் கீழே தெரு. அது தெருவில் இறங்கித்தான் நடப்பேன் என்றது, விழுந்து விழுந்து எழுந்தது, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு ஊரைக் கூட்டியது. அந்த நேரங்களில் மாஸ்டர் வாசலில் நாற்காலியைப் போட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி மடித்து, பாதங்களைத் தொடைக்கடியில் செருகி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். முகம் வெளிறிப் போகும், வியர்க்கும், ஆனால் காலை இறக்க மாட்டார். மாஸ்டர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தால் குழந்தை தெருவில் இருக்கிறது என்று அந்தப் பக்கம் போகிற எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கற்றுக்கொண்டவர்களும், கற்றுக்கொள்ளாதவர்களும், தெருமுனையில் திரும்பும்போதே அவர் உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, தாங்களாகவே பிரேக்கில் காலை வைத்து மெதுவாக வந்தார்கள்.